நடுக்களத்தில் பத்தொன்பது ஆண்டுகள்: ஸ்வீடன் வீராங்கனை கரோலின் செகெர்

கால்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுகின்றனர். மறுநாள் செய்தித்தாளில் அச்சேறும் பெயரோ ஒன்று அல்லது இரண்டு. கோல் போட்டவர் பெயர் வரும். கோலைத் தடுத்தவர் பெயரும் சில நாட்களில் வரும். இவ்விருவருக்கும் இடையே நின்று, பந்தைப் பின்னாலிருந்து வாங்கி முன்னே அனுப்பிக்கொண்டே இருந்தவரைப் பற்றிக் கேட்பார் இல்லை. இந்த ஆண்டு எங்கள் ஆய்வுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது அவ்வாறு நடுவே நின்ற ஒருவரின் ஆட்ட வாழ்வை. அவர் ஸ்வீடன் நாட்டின் கரோலின் செகெர். தம் நாட்டுக்காக 240 ஆட்டங்கள் ஆடியவர். ஐரோப்பாவில் வேறெந்தப் பெண்ணும் அவர் விடைபெற்ற நாள்வரை அத்தனை பன்னாட்டு ஆட்டங்கள் ஆடியதில்லை. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் உலகத்தார் நினைப்பது அந்த 240 ஆட்டங்களை அன்று; கம்பத்திற்கு மேலே பறந்துபோன ஒரே ஓர் உதையை. இது நியாயம்தானா என்று கேட்டுக்கொண்டுதான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் எழுதும்போது 'சேகர்' என்று விழுந்துவிடக்கூடாதே என்பதற்காக 'செகெர்' என்றே எழுதுகிறோம். ஸ்வீடிஷ் மொழியில் அச்சொல்லுக்கு வெற்றி என்று பொருள். நம்மிடையே வெற்றிச்செல்விகளும் ஜெயசீலிகளும் இருப்பதுபோல, அவருக்கு அது குடும்பப் பெயராக வாய்த்திருக்கிறது. தோற்ற நாட்களில் அந்தப் பெயரைச் சுமப்பது எப்படி இருந்திருக்கும் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

செகெர் 1985-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள ஹெல்சிங்போரி நகரில் பிறந்தார். அந்நகருக்கு எதிரே, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் அகலமே உள்ள நீரிணைக்கு அப்பால், டென்மார்க்கின் எல்சினோர் தெரியும். ஹாம்லெட் நாடகத்தில் வருகிறதே, அதே எல்சினோர்தான். செகெர் பந்து உதைக்கத் தொடங்கியது நகருக்கு வெளியே கான்டொஃப்தா என்னும் சிற்றூரின் சங்கத்தில். அங்கிருந்து ஹெல்சிங்போரியின் ஸ்டாத்தேனா சங்கம். 2005-இல் லின்ஷோப்பிங் நகர அணி. அதே ஆண்டு நாட்டின் அணி.

அவர் வந்து சேர்ந்த நாடு பெண்கள் கால்பந்தில் புதியது அன்று. 1984-இல் முதன்முதலாக நடந்த ஐரோப்பியப் பெண்கள் போட்டியை வென்றதே ஸ்வீடன்தான். இங்கிலாந்தில் லூட்டன் நகரத்துச் சேற்று மைதானத்தில் பெனால்டி உதைகளால் முடிவான அந்த ஆட்டத்தில், இறுதி உதையைக் கோலாக்கியவர் பியா சுன்ட்ஹாகெ. அதன்பின் பெரிய போட்டி எதிலும் ஸ்வீடனுக்கு முதலிடம் வாய்க்கவில்லை. 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் ஜெர்மனி அடித்த கோல் அந்த நம்பிக்கையை முறித்தது. ஆக, 1984-க்குப் பின் பிறந்த ஒவ்வொரு ஸ்வீடிஷ் ஆட்டக்காரியும் அந்த ஒரு கோப்பையின் கதையைக் கேட்டு வளர்ந்தவள். செகெரும் அவர்களுள் ஒருவர்.

இனி, நடுக்களம் என்றால் என்ன என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். விளையாட்டு வகுப்பில் நாம் பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லாரும் ஓடுகிறோம்; அதற்குக் கால்பந்து என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். முறையான ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இடமுண்டு. கோல்காப்பாளர், அவருக்கு முன் தற்காப்பு வரிசை, எதிரியின் கோலை நோக்கி முன்வரிசை, இவ்விரண்டையும் இணைப்பது நடுக்களம். செகெர் பெரும்பாலும் நின்றது அந்த நடுக்களத்தின் பின்பகுதியில், தற்காப்பாளர்களுக்குச் சற்று முன்னே.

அந்த இடத்தில் நிற்பவருக்கு முதல் வேலை பார்ப்பது. பந்து தம்மிடம் வருமுன்பே தலையைத் திருப்பி இடமும் வலமும் பின்னும் யார் எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து காலில் பட்ட பின் பார்க்கத் தொடங்கினால் எதிரி வந்துவிடுவார். இரண்டாவது, தம் பக்கத்துத் தற்காப்பாளர் முன்னேறிச் சென்றால் அவர் விட்டுச் சென்ற வெற்றிடத்தில் போய் நிற்பது. மூன்றாவது, எதிரி அனுப்பும் பந்து எவ்வழியே வரும் என்று கணித்து, அந்த வழியில் முன்கூட்டியே கால் வைப்பது. நன்றாகச் செய்தால் இம்மூன்றும் பார்ப்போர் கண்ணுக்குத் தெரியா. எதிரி பந்தை அனுப்பாமலே விட்டுவிடுவார்; ஒன்றும் நடவாதது போலிருக்கும். ஒரு நடுக்கள ஆட்டக்காரி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறார். தொண்ணூறு நிமிடங்களில் பந்து அவர் காலடியில் இருப்பதோ சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் பந்தில்லாமல் ஓடும் ஓட்டம். வீட்டில் அம்மா ஒரு நாளில் எத்தனை முறை அடுக்களைக்கும் கொல்லைக்கும் நடக்கிறாள் என்று யாராவது எண்ணியதுண்டா? எங்களுக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

240 ஆட்டங்களில் செகெர் அடித்த கோல்கள் முப்பதுக்குச் சற்று மேல். கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் 331 ஆட்டங்களில் 190 கோல்கள் அடித்து உலகச் சாதனை படைத்தவர். இரு கணக்குகளையும் அருகருகே வைத்து யார் பெரியவர் என்று கேட்பது, நெல் அளக்கும் மரக்காலால் துணியை அளப்பதைப் போன்றது. இந்தச் சின்க்ளேரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

லின்ஷோப்பிங் அணியில் நான்காண்டுகள் வளர்ந்து, 2009-இல் அவ்வணி முதன்முதலாக நாட்டின் தலைமைக் கூட்டணிப் பட்டத்தை வென்றபோது செகெர் அதன் தூண். அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கு ஸ்வீடனில் வழங்கப்படும் 'வைரப் பந்து' விருதும் அவருக்கே கிடைத்தது. அதன்பின் அவர் கடல் கடந்தார். கடல் கடந்து கண்டது என்ன என்பதே அவர் வாழ்வில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி.

2010-இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா அணி. அடுத்த ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஃப்ளாஷ் அணி. அங்கே பிரேசிலின் மார்த்தா, மேலே சொன்ன சின்க்ளேர் ஆகியோருடன் ஒரே சட்டையில் ஆடி 2011-இல் பட்டம் வென்றார். மறு ஆண்டே அந்த அமெரிக்கக் கூட்டணி கலைந்தது. 2009-இல் தொடங்கியது, மூன்றே பருவங்களில் முடிந்துபோனது. ஸ்வீடன் திரும்பி, ஸ்டாக்ஹோம் அருகே உள்ள டீரெசோ அணியில் ஆடினார். 2012-இல் அவ்வணி நாட்டின் பட்டத்தை வென்றது. மார்த்தாவும் அங்கே வந்தார். உலகின் சிறந்த பெண் ஆட்டக்காரர்கள் பலர் ஒரு சிறு புறநகர்ச் சங்கத்தில் கூடினர். 2014 மே மாதம் லிஸ்பனில் நடந்த ஐரோப்பியச் சங்கங்களின் இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்புர்க் அணிக்கு எதிராக இரண்டு கோல்கள் முந்தியிருந்து, பின் 3-4 என்று தோற்றது டீரெசோ. அந்தத் தோல்வியைவிடப் பெரிய தோல்வி வெளியே காத்திருந்தது. சங்கத்தில் பணம் தீர்ந்துவிட்டது. பருவத்தின் நடுவிலேயே டீரெசோ கூட்டணியிலிருந்து விலகிற்று. அவ்வாண்டு அது ஆடிய ஆட்டங்களின் கணக்கையே நீக்கிவிட்டனர்.

இரண்டாண்டு இடைவெளியில் காலுக்குக் கீழிருந்த தரை இருமுறை சரிந்தது. திறமை போதாமையால் சரியவில்லை. பெண்கள் ஆட்டத்திற்குப் பின்னால் நிற்கும் பணம் மெலிந்ததாயிருந்ததால் சரிந்தது. ஆண்கள் ஆட்டத்தில் இந்த உயரத்தில் இருப்பவர் இப்படி அணி தேடி அலைந்ததாக நாங்கள் படிக்கவில்லை. செகெர் பிரான்சுக்குப் போனார். பாரிஸ் அணியில் இரண்டு ஆண்டுகள். 2015-இல் மீண்டும் ஓர் ஐரோப்பிய இறுதியாட்டம், பெர்லினில். ஃப்ராங்ஃபர்ட் அணியிடம் 1-2 என்று தோல்வி. பின் லியோன் அணி. 2017-இல் லியோன் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது எதிரே நின்றது அவர் விட்டுவந்த பாரிஸ் அணி. அதுவும் பெனால்டி உதைகளில் முடிந்த ஆட்டமே. அவ்வாண்டே தாய்நாடு திரும்பி மால்மோ நகரின் ரோசன்கோர்டு அணியில் சேர்ந்தார். இதே சங்கத்திற்கு முன்னொரு காலத்தில் ஓர் அழகுக் களிம்பின் பெயரைச் சுருக்கிச் சூட்டியிருந்தார்கள் என்பதைப் படித்தபோது நாங்கள் சிரித்துவிட்டோம். பணம் கொடுத்தவர் பெயரைச் சுமக்கத்தானே வேண்டும்.

நாட்டின் அணியில் அவர் பெற்றவை, இழந்தவை இரண்டும் மிகுதி. ஐந்து உலகக் கோப்பைகள், நான்கு ஒலிம்பிக் போட்டிகள். 2011-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் ஸ்வீடன் அமெரிக்காவை வென்று, ஆஸ்திரேலியாவை வென்று, அரையிறுதியில் ஜப்பானைச் சந்தித்தது. ஆட்டத்திற்கு முன் உடலைச் சூடேற்றும் பயிற்சியில் செகெரின் காலில் காயம் பட்டது. அவர் களமிறங்கவில்லை. ஸ்வீடன் 1-3 என்று தோற்று, பிறகு பிரான்சை வென்று மூன்றாமிடம் பெற்றது. 2013-இல் சொந்த மண்ணில் ஐரோப்பியப் போட்டி. அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஒரே கோலில் தோல்வி. 2019-இல் பிரான்சில் மீண்டும் உலகக் கோப்பை அரையிறுதி, நெதர்லாந்திடம் கூடுதல் நேரத்தில் தோல்வி, மீண்டும் மூன்றாமிடம். வாசல்வரை போய்த் திரும்பிய கதையாகவே இருக்கிறது.

2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வாசலைத் தாண்டும் காலம் வந்ததுபோல் தோன்றியது. பயிற்சியாளர் அதே பியா சுன்ட்ஹாகெ. காலிறுதியில் அமெரிக்கா, ஆட்டம் 1-1 சமன், பெனால்டி உதைகளில் ஸ்வீடன் 4-3. அரையிறுதியில் புகழ்பெற்ற மரக்கானா அரங்கில் பிரேசில், கோலின்றிச் சமன், மறுபடியும் பெனால்டியில் 4-3. இரு நாட்களிலும் செகெர் உதைத்தார், இரு நாட்களிலும் பந்து வலைக்குள் போயிற்று. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னாளில் அவரைப் பழித்தவர் பலர் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. இறுதியில் ஜெர்மனி 2-1 என்று வென்றது. பெண்கள் கால்பந்தில் ஸ்வீடனுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமாக வெள்ளி கிடைத்தது.

இனி 2021. நோய்த்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக். செகெருக்கு வயது 36, கையில் அணித் தலைவியின் பட்டை. ஐரோப்பியச் சாதனையும் அவ்வாண்டே அவர் வசமாகியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவை 3-0 என்று வீழ்த்திற்று ஸ்வீடன். பின் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, காலிறுதியில் ஜப்பான், அரையிறுதியில் மறுபடியும் ஆஸ்திரேலியா. ஒன்றிலும் தோல்வியில்லை. ஆகஸ்டு 6-ஆம் நாள் இறுதியாட்டம், கனடாவுடன். காலை 11 மணிக்கு டோக்கியோவில் வைத்திருந்ததை, வெயில் தாங்காது என்று இரு அணிகளும் கேட்டுக்கொண்டதால் இரவு 9 மணிக்கு யொக்கஹாமாவுக்கு மாற்றினார்கள். அரங்கில் பார்வையாளர் இல்லை. பல்லாயிரம் நாற்காலிகள் காலியாகக் கிடக்க அந்த ஆட்டம் நடந்தது.

34-ஆம் நிமிடத்தில் ஸ்டீனா பிளாக்ஸ்டேனியஸ் ஸ்வீடனுக்கு ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் ஸ்வீடனின் பெனால்டி எல்லைக்குள் சின்க்ளேர் வீழ்த்தப்பட, கனடாவுக்குப் பெனால்டி கிடைத்தது. ஜெஸ்ஸி ஃப்ளெமிங் அதைக் கோலாக்கினார். பத்தாண்டுகளுக்கு முன் செகெருடன் ஒரே அணியில் பட்டம் வென்ற அதே சின்க்ளேர். கூடுதல் நேரமும் 1-1 என்றே முடிந்தது.

பெனால்டி உதைகளின் முறை தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறோம். கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தொலைவில் பந்து வைக்கப்படும். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். காப்பாளர் ஒருவரே எதிரில். ஒவ்வோர் அணியும் மாறி மாறி ஐந்து உதைகள் உதைக்க வேண்டும். சமமாயிருந்தால் பிறகு ஒவ்வொன்றாகத் தொடரும். பார்ப்பதற்கு எளிது. நாங்கள் மைதானத்தில் அளந்து வைத்து உதைத்துப் பார்த்தோம். காப்பாளரே இல்லாத கோலில், ஆளுக்கு ஐந்து உதையில், எங்களில் ஒருத்திகூட ஐந்தையும் உள்ளே அனுப்பவில்லை.

அன்றிரவு ஸ்வீடன் முதலில் உதைத்தது. முதல் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பிற்று. கனடா ஒன்று போட்டது. பிறகு காற்று திசை மாறியது. ஸ்வீடன் அடுத்தடுத்து இரண்டைப் போட, கனடாவின் மூன்று உதைகள் தொடர்ந்து வீணாயின. ஸ்வீடனின் நான்காவதைக் கனடாவின் காப்பாளர் ஸ்டெஃபனி லபே தடுத்தார். ஆளுக்கு நான்கு முடிந்தபோது ஸ்வீடன் 2, கனடா 1. ஐந்தாவது உதைக்கு நடந்து வந்தவர் செகெர். அது உள்ளே போனால் கனடாவின் கடைசி உதைக்கு வேலையே இல்லை; தங்கம் ஸ்வீடனுக்கு. 1984-க்குப் பின் காத்திருந்த நாடு முழுவதும் அந்த 11 மீட்டரில் நின்றது.

பந்து குறுக்குக் கம்பத்திற்கு மேலே போயிற்று.

கனடாவின் டியான் ரோஸ் தம் உதையைப் போட்டுச் சமன் செய்தார். ஆறாவதில் யொன்னா அண்டர்சனின் உதையை லபே தடுக்க, இருபது வயது ஜூலியா கிராசோ போட்ட கோலால் தங்கம் கனடாவுக்குச் சென்றது. ஐந்து உதைகள் அடங்கிய வரிசையில் ஸ்வீடன் தவறவிட்டவை மூன்று என்பதையும், செகெருக்கு முன்னே இருவர் தவறவிட்டிருந்தனர் என்பதையும் கணக்கு காட்டுகிறது. ஆனால் நினைவு கணக்குப் பார்ப்பதில்லை. கடைசியாகக் கதவருகே நின்றவர்மேல்தான் பழி விழுகிறது.

இவ்விடத்தில் எங்களுக்குள் இரு கட்சிகள் எழுந்தன என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். 120 நிமிடங்கள் களத்தைச் சுமந்து களைத்த 36 வயதுத் தலைவி, ஐந்தாவது உதையை இளையவர் ஒருவரிடம் விட்டிருக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. கட்டுரை எழுதுவதில் கைதேர்ந்தவர்கள் அக்கட்சியில் இருந்தார்கள், வாதமும் வலுவாயிருந்தது. ஐந்தாவது உதையே ஆட்டத்தை முடிக்கக்கூடிய உதை. தவறினால் ஆயுள் முழுவதும் கூடவே வரும் உதை. அதைத் தன்னைவிட இளையவள் தோளில் ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்பவள் எப்படித் தலைவி ஆவாள் என்றது மறு கட்சி. ஐந்தாண்டுகளுக்கு முன் ரியோவில் இருமுறை அவர் தவறவில்லையே என்றும் சேர்த்துக்கொண்டது. இரண்டு வகுப்பு நேரம் வாதம் நடந்தது. எழுதும் எங்களில் பெரும்பாலோர் இரண்டாம் கட்சியினர். ஆனாலும் முதற்கட்சியின் கேள்விக்கு முழு விடை கொடுத்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம்.

வாதத்தில் நாங்கள் மறந்துபோனது, செகெர் மறுநாள் என்ன செய்தார் என்பது. 36 வயதில், வெள்ளிப் பதக்கத்தோடு, அத்தகைய இரவுக்குப் பின் ஆட்டத்தை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ரோசன்கோர்டு திரும்பினார். அவ்வாண்டே அவ்வணி நாட்டின் பட்டத்தை வென்றது. 2022-இலும் வென்றது. அதே 2022-இல் இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கும் நாட்டோடு சென்றார். அரையிறுதியில் இங்கிலாந்து 4-0 என்று வென்றது. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

2023 உலகக் கோப்பையில், 38 வயதில், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களோடு அமர்ந்திருந்தார். மெல்போர்னில் அமெரிக்காவோடு நடந்த ஆட்டம் கோலின்றிச் சமனாகி, மறுபடியும் பெனால்டிக்குப் போயிற்று. ஸ்வீடனின் கடைசி உதையை லீனா ஹூர்ட்டிக் உதைத்தார். அமெரிக்கக் காப்பாளர் கையால் தட்டித் தட்டி வெளியேற்றிய பந்து, கோட்டைத் தாண்டிற்றா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கருவி அளந்து சொல்லிற்று: மயிரிழையளவு தாண்டியிருக்கிறது. ஸ்வீடன் வென்றது. உதைத்தவர்களில் செகெர் இல்லை. அந்த மயிரிழையைப் பார்த்தபோது அவர் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும் என்று எழுத எங்களுக்குத் துணிவில்லை. அப்போட்டியில் ஸ்வீடன் அரையிறுதியில் ஸ்பெயினிடம் தோற்று, ஆஸ்திரேலியாவை வென்று மூன்றாமிடம் பெற்றது. செகெருக்கு அது மூன்றாவது உலகக் கோப்பை வெண்கலம். ஒலிம்பிக் வெள்ளி இரண்டு. தங்கம் இல்லை. அவ்வாண்டோடு நாட்டின் அணியிலிருந்து விடைபெற்றார்.

சங்க ஆட்டத்தை மட்டும் இன்னும் ஓராண்டு தொடர்ந்தார். 2024-இல் ரோசன்கோர்டு 26 ஆட்டங்கள் ஆடி, 25-இல் வென்று, ஒன்றில் மட்டும் தோற்று மீண்டும் நாட்டின் பட்டத்தைப் பெற்றது. 39 வயது செகெர் அந்தப் பருவத்தோடு பூட்ஸைக் கழற்றினார். அவர் பிறந்து வளர்ந்த ஹெல்சிங்போரிக்கும் மால்மோவுக்கும் இடையே தொலைவு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், ஸ்டாக்ஹோம், பாரிஸ், லியோன் எல்லாம் சுற்றி, அவர் ஆட்டத்தை முடித்தது புகைவண்டியில் ஒரு மணி நேரத்திற்குள் வீடு போய்ச் சேரக்கூடிய ஊரில்.